ஐந்து நிமிடக் குறும்படம்: அண்ணனின் வசனத்தை நீக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் எழுதி இயக்கியுள்ள 5 நிமிடக் குறும்படத்தின் படத்தொகுப்பு முடியும் நிலையில், அதன் நிறைகுறைகள் பற்றிய உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பல ஆண்டுகள் பேசாமலிருந்த அண்ணனும் தங்கையும், இறந்துபோன தாயின் அலமாரியை ஒழிக்க ஒரே அறையில் சந்திப்பதுதான் கதை.

படத்தின் பலம் நடிப்பு. குறிப்பாக, தங்கை தாயின் மூக்குக் கண்ணாடியை எடுத்து, அதில் படிந்திருக்கும் கைரேகையைத் துடைக்கப் போய், துடைக்காமலே உறைக்குள் வைக்கும் குளோசப் காட்சியில் வசனமே இல்லை. ஆயினும் பாதிக் கதை அங்கேயே விளங்கிவிடுகிறது. ஒளிப்பதிவும் குறை சொல்லும்படி இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பழைய சண்டையின் காரணத்தை அண்ணன் வாய்விட்டுச் சொல்கிறான். இருவருக்கும் தெரிந்த செய்தியை அவன் விளக்குவது பார்வையாளருக்காகவே என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. அதை நீக்கினாலோ, இறுதியில் அவன் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுப்பது திடீர் மனமாற்றமாகத் தோன்றுகிறது. ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை ஓடுவதும் குறும்படமே. அந்த நீளத்தில் படிப்படியாகக் காட்டக்கூடிய மாற்றத்துக்கு இங்கே இடமில்லை. பின்னணி இசையும் அழச் சொல்லி வற்புறுத்துகிறது (இசையமைத்த நண்பரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது தனிக் கவலை).

மறுபடியும் படம்பிடிக்க வாய்ப்பில்லாததால், வசனத்தை முழுவதுமாக நீக்கி அண்ணனின் மௌனத்தைச் சற்று நீட்டுவதா, அல்லது ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, அது ஒலிக்கும்போது தங்கையின் முகத்தைக் காட்டுவதா என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.