டீச்சர் லீவில் இருக்கும் நான்கு மாதம் பியானோவில் என்ன கற்றுக்கொள்ளலாம்?

கறுப்புக்கட்டை:
போன மாதம் பியானோ பரீட்சையில் கிரேடு 5 முடிந்தது. டீச்சருக்குப் பிரசவம், அதனால் நான்கு மாதம் வகுப்பு கிடையாது. பரீட்சைக்காக அதே மூன்று உருப்படிகளைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய்விட்டேன், இப்போதாவது எனக்குப் பிடித்ததை வாசிக்கலாம் என்று ஆசை. ஆனால் தப்பாகப் பழகிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு இல்லையா? ஷோபனின் முதல் பலாடுக்கு நோட்டேஷன் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன், என் நிலைக்கு ரொம்பக் கடினம்தான், சிரிக்காதீர்கள். வீட்டில் 61 கட்டை கீபோர்டு.

மாடிவீடு:
சிரிக்கவில்லை, ஆனால் அதை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அதற்கு வேண்டிய இடதுகோடிக் கீழ்ச்சுரக் கட்டைகளே உங்கள் கீபோர்டில் இல்லை. நானும் இப்படி ஒரு லீவில் பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவில் வேகமான மூன்றாம் பகுதியைத் தொட்டேன். ஆறு வாரத்தில் ஒன்றரைப் பக்கம், கூடவே மணிக்கட்டு வலி.

பாகின் ஸி மேஜர் பிரிலூட் எடுங்கள் (‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ என்ற அவரது 1722 தொகுப்பின் முதல் உருப்படி). மொத்தம் 35 பார்தான் (பார் என்பது தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டம்), 61 கட்டைக்குள் அடங்கிவிடும், கடைசியில் உங்கள் இடதுகோடிக் கட்டையும் வரும். முதலில் ஒவ்வொரு பாரின் சுரங்களையும் சேர்த்து ஒரே கார்டாக அமுக்கிப் பாருங்கள், கை இடம் மாறுவது பிடிபட்டபின் பிரித்து வாசிக்கலாம். எட்டாவது பாரில் இடது கையில் பி, ஸி என்ற அடுத்தடுத்த இரண்டு சுரங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உரசும். அது தப்பில்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

சாயங்காலம்:
பாக் சரி, ஆனால் அதை மட்டுமே வைத்து நான்கு மாதம் ஓட்ட முடியாது. ஸாட்டியின் முதல் ஜிம்னோபெடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதி கிட்டத்தட்ட முதல் பாதியேதான், முடிவு மட்டும் மாறும், அதனால் பாதி கற்றாலே முக்கால்வாசி முடிந்த மாதிரி. இடது கை கீழே ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே கார்டுக்குத் தாவ வேண்டும், அதில்தான் வேலை இருக்கிறது. சஸ்டெய்ன் பெடல் (காலால் மிதித்தால் சுரத்தை நீடிக்க வைப்பது) இல்லையென்றால் வேண்டாம், வறண்டுபோய்க் கேட்கும்.

எதை எடுத்தாலும் ஆரம்பத்தைப் பார்த்து மயங்காமல், தாளில் எங்கே மை அதிகமோ அந்த இரண்டு பாரை முதலில் வாசித்துப் பாருங்கள். பீத்தோவனின் ஃபர் எலீஸில் சுலபமான முதல் பகுதியோடு நின்றுபோன கூட்டத்தில் நானும் ஒருத்தி.

கறுப்புக்கட்டை:
பாக் ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் சொல்லியிருந்தும் எட்டாவது பார் வந்ததும் கட்டைதான் ஒட்டிக்கொண்டதோ என்று தட்டிப் பார்த்தேன். டீச்சர் இல்லாமல், எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாடிவீடு:
நிதானமாக வாசித்து, வசதியாக வந்த விரல் எண்ணை (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5)ப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் விரல் மாறினால்தான் கெடும். வாரம் ஒருமுறை போனைப் பக்கவாட்டில் வைத்துக் கையை வீடியோ எடுங்கள், தோள் தூக்கிக்கொண்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். டீச்சர் வந்ததும் அந்தப் பென்சில் தாளைக் காட்டுங்கள்.