நியூட்ரான் விண்மீன் ‘சரிவு’: இரண்டு நிகழ்வுக்கு ஒரு சொல் போதாது

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘collapse’ எனப்படுவதற்குக் ‘கரும்பொருளால் நியூட்ரான் விண்மீன் சரிதல்’ என்று நம் குழுவில் ஐயா முன்வைத்த தொடரை, கேரளத்தின் தேவிகுளம் வட்டாரத்தில் தமிழ்வழியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் ஏற்கத் தயங்குகிறேன். சொல்லின் அழகு குறித்த தயக்கம் அன்று. எது சரிகிறது என்பதே அத்தொடரில் தெளிவாகவில்லை.

நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கரு; கரும்பொருள் (dark matter) என்பது ஒளியை வெளிவிடாத, ஈர்ப்பு விளைவால் மட்டுமே அறியப்பட்டுள்ள பொருள். ஏறத்தாழ 12 கி.மீ. ஆரத்துக்குள் சூரியனைப் போல் 1.4 மடங்கு நிறையை அடக்கிக்கொண்டிருக்கும் இவ்விண்மீனுக்குள் நுழையும் கரும்பொருள் துகள்கள், நியூட்ரான்களோடு மோதி ஆற்றலை இழந்து, வெளியேற வழியின்றி நடுவத்தில் படியக்கூடும். அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாத வகையைச் சேர்ந்தவையாக இருந்தால், கோடிக்கணக்கான ஆண்டுகள் தேங்கி, ஒரு கட்டத்தில் தம் ஈர்ப்பைத் தாமே தாங்கமாட்டாமல் ஒடுங்கி, மிகச் சிறிய கருந்துளையாக மாறலாம். 1989-இல் கோல்ட்மனும் நுசினோவும் எழுப்பிய கருத்து இது. இங்கே முதலில் ஒடுங்குவது விண்மீன் அன்று, அதன் வயிற்றில் சேர்ந்த சரக்கு. விண்மீனின் முறை பிறகுதான் வருகிறது, அதுவும் உறுதியில்லை: கருந்துளை மிகச் சிறிதாக இருந்தால், தானே வெளிவிடும் ஹாக்கிங் கதிர்வீச்சால் நிறையை இழந்து ஆவியாகிவிடும், போதிய அளவு பெரிதாக இருந்தால் மட்டுமே சுற்றியுள்ள நியூட்ரான் பொருளை உள்ளிருந்தபடியே தின்று தீர்க்கும்.

ஆகவே முதல் நிகழ்வுக்குக் ‘கரும்பொருள் உள்ளொடுக்கம்’ என்றும், இரண்டாவதற்கு ‘அகவிழுங்கல்’ என்றும் தனித்தனிச் சொற்களைப் பரிந்துரைக்கிறேன். வயது முதிர்ந்த துடிவிண்மீன்கள் (சுழன்றபடி சீரான துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்கள்) இன்றும் துடித்துக்கொண்டிருப்பதை வைத்துக் கரும்பொருளின் பண்புகளுக்கு ஆய்வாளர்கள் வரம்பு கட்டுகிறார்கள். அந்த விண்மீன்களில் உள்ளொடுக்கமே நிகழவில்லையா, நிகழ்ந்தும் விழுங்கல் தொடரவில்லையா என்று கேட்பதற்கே இரண்டு சொற்கள் வேண்டும். ஒரே சொல்லை ஆண்டால், நியூட்ரான் விண்மீன் தாங்கக்கூடிய, சூரியனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட உச்ச நிறையைத் தாண்டியதால் விண்மீன் வீழ்ந்தது என்றே படிப்பவர் நினைப்பார். இங்கே அந்த வரம்பைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

‘சரிவு’ எங்கள் மலையில் வேறு பொருளைச் சுமக்கிறது. 2020-இல் மூணாறு அருகே பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது மண்சரிவுதான். கரும்பலகையில் விண்மீனின் சரிவை வரையச் சொன்னபோது, ஒரு மாணவி வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கீழ்நோக்கி அம்புக்குறிகளைப் போட்டாள். அவை எல்லாத் திசைகளிலிருந்தும் நடுவத்தை நோக்கியல்லவா செல்ல வேண்டும்? இன்னொருவர் முன்மொழிந்த ‘குலைவு’ சிதறுவதைக் குறிக்கும். இதில் பொருள் உள்ளேதான் போகிறது.

‘கரும்பொருள்’ என்பதிலும் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. விடைத்தாளில் அது ‘கருப்பொருள்’ ஆகிவிடுகிறது, பிறகு திணை இலக்கணம் விண்வெளிக்குப் போய்விடுகிறது! மலையாள வழியில் படிப்போர் ‘தமோத்ரவ்யம்’ என்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் ‘கரும்பொருள்’ தமிழில் பரவிவிட்டதால் மாற்றக் கோரவில்லை.

‘அகவிழுங்கல்’ கடினமாகத் தோன்றினால் ‘உள்விழுங்கல்’ என்று வைத்துக்கொள்ளவும் உடன்படுகிறேன். ‘சரிவு’ மட்டும் வேண்டாம் ஐயா.