முன்பக்க ஸ்ட்ரட் மாற்றும் வேலையைப் புதியவர் வீட்டில் செய்யலாமா?

புதுச்சக்கரம்:
என் காரின் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. பிரேக் அழுத்தினால் முகப்பு தாழ்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி உடனே அடங்காமல் ஆடிக்கொண்டே போகிறது. டயர்களும் அங்கங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்துவிட்டன. மேக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக இருக்கும் வகை. எஞ்சின் ஆயில், பிரேக் பேட் இரண்டும் நானே மாற்றியிருக்கிறேன். அதற்கு மேல் கை வைத்ததில்லை. சமமான சிமெண்ட் தரை இருக்கிறது. நல்ல ஜாக்கியும் ஸ்டாண்டுகளும் இருக்கின்றன. இந்த வேலையில் இறங்கலாமா?

அச்சாணி:
வேண்டாம். பட்டறையில் பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரேக் பேட் மாற்றும்போது உங்களை எதிர்த்து நிற்கும் பொருள் எதுவும் இல்லை. ஸ்ட்ரட்டில் இருக்கிறது. அந்த ஸ்பிரிங் வண்டியிலிருந்து கழற்றிய பின்னும் அமுங்கிய நிலையிலேயே இருக்கும். அதை அடக்கிப் பிடித்திருப்பது உச்சியில் உள்ள ஒற்றை நட்டு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு பக்கம் நழுவினால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். புதியவர் அந்தக் கருவியைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருப்புளி:
அச்சாணி ஐயா சொல்லும் ஆபத்து உண்மைதான். ஆனால் அது மொத்த வேலையில் ஒரு பகுதிக்கு மட்டும் உரிய ஆபத்து. ஸ்பிரிங், மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு இணைக்கும் தலைப்பகுதி), ஷாக் எல்லாம் ஏற்கெனவே கோத்து வரும் முழு ஸ்ட்ரட்டை வாங்கினால் ஸ்பிரிங்கைப் பிரிக்கவே வேண்டாம். மேலே மூன்று நட்டு, கீழே நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதி) இரண்டு போல்ட், பக்கத்தில் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு தண்டு). பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் ஒயரையும் பிடித்திருக்கும் கிளிப்புகள். இவ்வளவுதான். பிரேக் பேட் மாற்றியவருக்கு இது எட்டாத உயரமில்லை. 'புதியவர் தொடக்கூடாது' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் யாருமே பழையவர் ஆக முடியாது.

நெம்புகோல்:
ஸ்பிரிங் விஷயத்தில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்று கொள்வோம். சிறிய கார்களுக்கு இது பொருந்தும் அளவுதான். அதை 150 மில்லிமீட்டர் அமுக்கிப் பிடித்தால் விசை 3000 நியூட்டன், ஏறத்தாழ 300 கிலோ எடை. உள்ளே தேங்கும் ஆற்றல் 225 ஜூல். 10 கிலோ இரும்பு இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தாக்கும் ஆற்றலும் அதுவே. முகத்துக்கு அருகில் வைத்துக் கையாளும் பொருளில் இவ்வளவு இருக்கிறது. இந்த ஒரு கட்டத்தில் நான் அச்சாணியின் பக்கம்.

புதுச்சக்கரம்:
அனைவருக்கும் நன்றி. பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் நடுவே ஒரு பெரிய நட்டு, அதைச் சுற்றி மூன்று சிறிய நட்டுகள். முதலில் எதைத் தளர்த்த வேண்டும்?

அச்சாணி:
நடு நட்டைத் தொடாதீர்கள். நான் மேலே சொன்ன ஒற்றை நட்டு அதுதான். உங்கள் வண்டியில் மூன்று சிறிய நட்டுகள்தான் ஸ்ட்ரட்டை உடலோடு பிடித்திருக்கின்றன. அவை மட்டுமே கழற்ற வேண்டியவை. அவற்றையும் கடைசியில்தான் கழற்ற வேண்டும், ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு. திருப்புளி தம்பி, இதைத்தான் சொல்கிறேன். எந்த நட்டு எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியாத நிலையில் ஒருவரை ஊக்கப்படுத்துவது சரியா?

திருப்புளி:
ஸ்பேனரை வைப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறார், ஐயா. ஆபத்தான ஆள் கேட்காமல் திருகுபவர். நீங்கள் மூன்றே வரியில் தெளிவாகச் சொன்னீர்கள்; இனி அவர் ஒருநாளும் அந்த நட்டைத் தொடமாட்டார். கற்பது இப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். பட்டறைக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாக நடந்துவிடுமா? கீழ்க்கையின் (நக்கிளை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிபடுகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழிந்துபோகும். சொந்த வண்டியில் வேலை செய்பவர் இதைப் படித்துவிட்டுப் பொறுமையாகச் செய்வார்.

அச்சாணி:
புஷ்ஷைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் இங்கே பொருந்தவில்லை. ஸ்ட்ரட் மட்டும் மாற்றும்போது கீழ்க்கையின் போல்ட்டுகளைத் தளர்த்தவே தேவையில்லை. தேவையில்லாததைத் தளர்த்தும் பழக்கத்தைப் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பின்பக்கம் ஷாக் மாற்றினால் அதன் கீழ்க் கண்ணில் (வளைய முனையில்) உள்ள புஷ்ஷுக்கு நீங்கள் சொன்ன விதி உண்டு. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே அதை இறுக்க வேண்டும். முன்பக்கத்தில் கவலை வேறு. கீழ் போல்ட்டுகள் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அப்போது முழு எடையும் பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் இழுபட்டுக் கழன்றுகொள்ளவும் கூடும். கெட்டிக் கம்பியால் நக்கிளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இதை எந்தப் புதியவர் முன்கூட்டியே நினைப்பார்?

முழு ஸ்ட்ரட் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா வண்டிக்கும் அது கிடைப்பதில்லை. கிடைப்பதிலும் சிலவற்றில் ஸ்பிரிங்கின் உயரமும் விறைப்பும் பழையதோடு ஒத்துப்போவதில்லை. முகப்பு உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும், ஹெட்லைட்டின் கோணமும் மாறும்.

சாலைக்கல்:
விவாதத்தின் நடுவில் நடைமுறைக்கு ஒன்று. முன்பக்கத்தை இரண்டு புறமும் சேர்த்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு புறம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொள்ளும், லிங்க் எளிதில் வராது. ஆனால் கழற்றுவது ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம். எது எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிடுங்கள்.

நெம்புகோல்:
இரண்டு பேரும் ஆபத்து என்ற சொல்லால் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறீர்கள். ஸ்பிரிங் நழுவினால் அடிபடுவது வேலை செய்பவர், அதுவும் அந்த நொடியிலேயே. நக்கிள் போல்ட் சரியாக இறுகாவிட்டால் அடிபடுவது எதிரே வருபவராகவும் இருக்கலாம், சில வாரங்கள் கழித்து. முதல் வகை ஆபத்துக்குத் தீர்வு, அந்தக் கட்டத்தைப் பட்டறையின் சுவரில் பொருத்திய கம்ப்ரஸரிடம் விட்டுவிடுவது. இரண்டாவதற்குத் தீர்வு, குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும், வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவும். கை உணர்வை நம்பி இறுக்குவது பட்டறையிலும் தவறு, வீட்டிலும் தவறு.

வீல் அலைன்மெண்ட் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நக்கிளில் உள்ள இரண்டு போல்ட்டுகளின் துளைகளில் சிறிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள் சக்கரத்தின் சாய்வு மாறும், சாய்வு மாறினால் டோ அளவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். கழற்றுமுன் பெயிண்டால் குறிவைத்தால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். பழைய ஸ்ட்ரட்டில் போட்ட குறி புதிய ஸ்ட்ரட்டுக்கு வராது. சில வண்டிகளில் போல்ட்டில் இருக்கும் கேம் (சாய்வைச் சரிசெய்யும், மையம் விலகிய பகுதி) நின்ற கோணத்தைத் தெரிந்துகொள்ள மட்டுமே அது உதவும். ஆகவே வேலை முடிந்ததும் அலைன்மெண்ட் கட்டாயம். இதில் தப்பிக்க வழியில்லை.

அச்சாணி:
அப்படியானால் ஸ்பிரிங்குக்கு ஒருமுறை பட்டறை, அலைன்மெண்டுக்கு ஒருமுறை பட்டறை. மிச்சம் இருப்பது துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவது மட்டும். அதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும்? லிங்க் நட்டு சுற்றினால் உள்ளே இருக்கும் பால் ஸ்டடும் சேர்ந்து சுற்றும். ஆலன் கீயால் பிடித்தால் அதன் துளையே தேய்ந்துபோகும். பட்டறையில் வெட்டி எடுத்துப் புதியதைப் போட்டுவிடுவோம். வீட்டில், வண்டி ஸ்டாண்டில் நிற்க, இருட்டும் நேரத்தில், களைத்துப்போன மனிதர் சுத்தியலைத் தேடுவார். அடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

திருப்புளி:
அதற்குத்தான் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை விடச் சொல்கிறோம். அதற்குத்தான் புதிய லிங்க், புதிய நட்டுகள், மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் மெத்தை) எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்கிறோம். மறுநாளும் வண்டி தேவைப்படாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள், புதுச்சக்கரம். களைத்தால் கருவியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போங்கள். பட்டறைக்கு அந்த வசதி இல்லை. அடுத்த வண்டி வாசலில் நிற்கும்.

ஏன் வீட்டில் என்று கேட்டீர்கள். தன் உயிரையும் குடும்பத்தையும் ஏற்றிச் செல்லும் வண்டியை எது தாங்கி நிற்கிறது என்று ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தவர், அதன் பிறகு வரும் சிறு சத்தத்தைக்கூட அலட்சியம் செய்யமாட்டார். எண்ணெய் கசியும் ஷாக்கோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களைவிட இவர் சாலைக்குப் பாதுகாப்பானவர். நான் இதை மனதார நம்புகிறேன்.

புதுச்சக்கரம்:
என் வண்டிக்கு முழு ஸ்ட்ரட் கிடைக்கவில்லை. ஆகவே இப்படிச் செய்யப்போகிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் நான். கழற்றிய ஸ்ட்ரட்டுகளை வேறொரு வண்டியில் பட்டறைக்கு எடுத்துப்போய் ஸ்பிரிங்கை அவர்களிடமே மாற்றிக்கொள்வேன். டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்திருக்கிறது. அச்சாணி ஐயா, உங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை என்று தெரியும். இருந்தாலும் நான் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய விஷயம் எது என்று சொல்லுங்கள்.

அச்சாணி:
உடன்பாடு இல்லைதான். முதல் முறையை அனுபவம் உள்ள ஒருவர் அருகில் நிற்கும்போது செய்யுங்கள் என்றே இன்னமும் சொல்வேன். ஆனால் தீர்மானித்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் பட்டறைக்குப் போய்வரும் நேரத்தில் வண்டி ஸ்டாண்டில் தனியாக நிற்கும். கழற்றிய சக்கரங்களை இரண்டு பக்கமும் வண்டியின் அடியில் படுக்கவைத்துவிட்டுப் போங்கள். குழந்தைகள் அருகில் வராதபடி யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷாக்கின் பளபளப்பான தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து புதியதும் கசியத் தொடங்கும். பட்டறையிலிருந்து வாங்கும்போது ஸ்பிரிங்கின் கீழ் நுனி அதற்குரிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மாட்டும்போது இடது ஸ்ட்ரட் இடப்பக்கம், வலது ஸ்ட்ரட் வலப்பக்கம். பல வண்டிகளில் ஹோஸ் கிளிப்பின் திசை வேறு. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸும் ஒயரும் எங்கும் இழுபடவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் சக்கரத்தை மாட்ட வேண்டும். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். அலைன்மெண்ட் நிலையம் வரை மெதுவாக ஓட்டுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடியும் பாருங்கள். பெயிண்ட் கோடு எங்காவது விலகியிருந்தால் ஓட்ட வேண்டாம், என்னைக் கேளுங்கள்.

திருப்புளி:
ஐயா எழுதியதில் ஒன்றைக்கூடக் குறைக்கமாட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பட்டறையில் ஸ்பிரிங் மாற்றும்போது சற்றுத் தள்ளி நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.