சீனப் பெயர்களைத் தமிழில் எழுத உதவி வேண்டும்

வணக்கம். சீனப் பெண்களின் உயர்கல்வி பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன், பெயர்களில் மாட்டிக்கொண்டேன். அக்காலச் சீன வழக்கப்படி இறுகக் கட்டியிருந்த தன் பாதங்களை அவிழ்த்துவிட்டவர், பிள்ளைகளை விட்டு 1904இல் ஜப்பானுக்குப் படிக்கப் போனவர், 1907இல் ஷாவோசிங்கில் தலை வெட்டப்பட்ட கவிஞர். அவர் பெயரை 'சியூ ஜின்' என்று எழுதுவதா, 'சியோ ஜின்' என்று எழுதுவதா? அடுத்து, நான்ஜிங்கின் ஜின்லிங் கல்லூரி. 1919இல் பட்டம் பெற்ற முதல் ஐந்து பெண்களில் ஒருவரான வூ யீஃபாங், 1928இல் அங்கேயே தலைவரானார். 'யீஃபாங்' சரிதானா? மாண்டரின் தெரிந்தவர்கள், குறிப்பாகச் சிங்கப்பூர் நண்பர்கள், உச்சரித்து ஒரு குரல்பதிவு அனுப்ப முடியுமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அப்புறம் திருத்த முடியாது.