தண்ணீர்த் தாங்கியின் சென்சர் பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது?

களுவாஞ்சிகுடிப் பொடியன்:
வணக்கம். ஒலுவிலில் பொறியியல் இறுதி ஆண்டு. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் நடக்கும் சைபர் தாக்குதலைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன்.

போன பெரும்போகம் முடிந்த கையோடு, சம்மாந்துறையில் மாமா வேலை செய்யும் அரிசி ஆலைக்குப் போயிருந்தேன். உலர்த்தியின் திரையில் வெப்பநிலை அசையாமல் நின்றது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மாமா மட்டும் ஒரு பிடி நெல்லை அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். உடனே ஓடிப்போய் சூட்டை நிறுத்தினார். சென்சர் செத்துப்போய், கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைய நெல்லில் பாதி குறுணலாகப் போனது.

2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழுவும் ஈரானின் நடான்ஸில் இதைத்தான் வேண்டுமென்றே செய்தது. யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளின் வேகத்தை மாற்றிவிட்டு, முன்பே பதிந்துவைத்த சாதாரண அளவீடுகளைக் காட்டியது. அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிங்கப்பூரில் ஆய்வுக்கென்று கட்டிய சிறு சுத்திகரிப்பு நிலையத்தின் ஸ்வாட் (SWaT) தரவை எடுத்து ஒரு மெஷின் லேர்னிங் மாதிரி செய்தால் போதும் என்கிறார் மேற்பார்வையாளர். 7 நாள் சாதாரண ஓட்டம், 4 நாள் தாக்குதல். நல்ல தரவுதான். ஆனால் தண்ணீரைத் தொட்டுச் செய்யத்தான் எனக்கு ஆசை. இரண்டு பிளாஸ்டிக் தாங்கி, பம்ப், மட்டம் அளக்க அல்ட்ராசோனிக் சென்சர், இவற்றை இயக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை இருக்கிறது. உருப்படியாக ஏதாவது செய்யலாமா?

வாவிக்கரை அக்கா:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. நான் தண்ணீர் வழங்கலில் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவள்.

உங்கள் மாமா நெல்லைக் கடித்தார். தண்ணீரில் அதற்குச் சமமானது கணக்கு. தாங்கியின் அடிப்பரப்பு 0.25 சதுர மீற்றர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 10 லீற்றர் உள்ளே, 4 லீற்றர் வெளியே. மிச்சம் 6 லீற்றர், அப்படியென்றால் மட்டம் நிமிடத்துக்கு 2.4 சென்ரிமீற்றர் ஏறியே ஆக வேண்டும். சென்சர் அசையாமல் நின்றால் ஏதோ பிழை.

கெட்டிக்காரத் தாக்குதல்காரன் மெதுவாகப் பொய் சொல்வான். நிமிடத்துக்கு 1 மில்லிமீற்றர் என்றால் அலை, நுரை என்று நாமே தள்ளிவிடுவோம். ஒரு மணிநேரத்தில் அது 6 சென்ரிமீற்றர்! அதனால் கணக்குக்கும் சென்சருக்கும் உள்ள வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போய், ஓர் எல்லையைத் தாண்டும்போது மணி அடிக்க வையுங்கள். குசம் (CUSUM) என்று தேடிப் பாருங்கள். பழைய முறைதான், ஆனால் ஏன் மணி அடித்தது என்று விளங்கப்படுத்த முடியும். இரவு வேலையில் இருப்பவருக்கு அதுதான் தேவை.

தாக்குதலை மொட்பஸ் வழியாகச் செய்யுங்கள். ஆலைக் கருவிகள் தமக்குள் பேச 1979இல் வந்த நெறிமுறை அது, கட்டளை அனுப்புவது யார் என்று கேட்பதே இல்லை. இன்றும் ஆலைகளில் ஓடுகிறது.

களுவாஞ்சிகுடிப் பொடியன்:
நன்றி அக்கா. பாய்ச்சல்மானி, மட்டம் இரண்டையும் சேர்த்துப் பொருந்தும்படி மாற்றிவிட்டால்?

வாவிக்கரை அக்கா:
அப்போது கணக்கும் ஏமாறும். வலையமைப்பில் சேராத ஒரு மிதவைச் சுவிட்சைப் போட்டு, பம்பின் கரண்டை நேரே அறுக்க விடுங்கள். எந்தக் கணினியாலும் அதைத் தொட முடியாது.

பழைய வயர்மேன்:
மகன், கண்டுபிடிப்பதோடு நிறுத்திவிடாதே. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் 3 மின்விநியோக நிறுவனங்களுக்குள் கணினி வழியாகப் புகுந்து, பிரேக்கர்களைத் திறந்து கரண்டைத் துண்டித்தார்கள். ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளருக்குக் கரண்ட் இல்லை. ஆட்கள் துணைமின் நிலையங்களுக்கே போய்க் கையால் மூடித்தான் சில மணிநேரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். கையால் மூடத் தெரிந்தவர்கள் இருந்தபடியால் தப்பினார்கள். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் எங்கள் வட்டவிதானை இன்றும் மதகடியில் அளவுகோலைக் கண்ணால் பார்க்கிறார். அதை யாரும் ஹேக் பண்ண முடியாது. உன் ஆய்வில் அந்த மனிதனையும் சேர். தாக்குதல் தொடங்கி, தண்ணீர் பழைய மட்டத்துக்கு வர எத்தனை நிமிடம் என்று அள.

களுவாஞ்சிகுடிப் பொடியன்:
ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. மூன்று விதமாக ஓட்டிப் பார்க்கிறேன்: கணக்கு மட்டும், கணக்கோடு மிதவை, அப்புறம் கை வால்வோடு பக்கத்தில் ஓர் ஆள். மூன்றிலும் மீள எடுக்கும் நிமிடங்களை எழுதுவேன். சனிக்கிழமை கல்முனையில் மிதவை வாங்குகிறேன். வால்வில் நிற்க மாமா சம்மதித்துவிட்டார்.