கணக்கில் 41 மார்க், பி.எஸ்சி. சேரலாமா?

மர்ஃபிடவுன் கவி:
இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) பிசிஎம்பி, அதாவது பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, பயாலஜி முடித்திருக்கிறேன். பயாலஜி 91, கணக்கு 41. பி.எஸ்சி.யில் சிபிஇசட் (கெமிஸ்ட்ரி, பாட்டனி, ஜுவாலஜி) எடுக்க ஆசை, ஜெனடிக்ஸ் என்றால் உயிர். "கணக்கு வராதவளுக்கு சயின்ஸ் எதுக்கு?" என்கிறார் மாமா. நிஜமாகவே எவ்வளவு கணக்கு வரும்?

அல்சூர் ராஜன்:
தாராளமாகச் சேருங்கள். பிசிக்ஸ் என்றால்தான் கால்குலஸ் இல்லாமல் ஒரு செமஸ்டர்கூட நகராது. சிபிஇசட்டில் கணக்கே கிடையாது.

ஜுவாலஜி மேடம்:
சேரலாம் கவி. ஆனால் கணக்கே கிடையாது என்று நம்பிப் போகாதேம்மா. டிகிரி காலேஜில் பாடம் எடுக்கிறேன். படம் அத்தனை அழகாக வரைகிற பிள்ளைகள் கெமிஸ்ட்ரி பேப்பரில் வினைவேகக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வருவதைப் பார்த்தால் மனசு கேட்காது. முதல்படி வினையில் பொருள் பாதியாகக் குறையும் நேரத்துக்கு, அதாவது அரை ஆயுட்காலத்துக்கு, 0.693ஐ வேக மாறிலி k-ஆல் வகுக்கச் சொல்வார்கள். அந்த 0.693, 2-இன் இயல்பு மடக்கை; மடக்கை என்றால் லாக்தான். பிஹெச் 5-லிருந்து 3-க்கு இறங்கினால் அமிலத்தன்மை 100 மடங்கு ஏறும். லாக் பிடிபட்டால் இரண்டும் புரியும்.

உனக்குப் பிடித்த ஜெனடிக்ஸுக்கே வருகிறேன். மெண்டலின் பட்டாணியில் உருண்டை விதை 5474, சுருங்கியது 1850. 3:1 என்றால் 5493, 1831 வர வேண்டும். வித்தியாசம் இரண்டிலும் 19. அதன் வர்க்கம் 361. அதை 5493ஆலும் 1831ஆலும் தனித்தனியே வகுத்துக் கூட்டு, 0.26 வரும். இந்தச் சோதனைக்கான டேபிளின் முதல் வரியில் எல்லை 3.84. அதைவிடக் குறைவு என்பதால் 3:1 நிற்கிறது. கை-ஸ்கொயர் என்று பயமுறுத்துவது இதைத்தான். இதில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர என்ன இருக்கிறது?

லீவிலேயே லாக், விகிதம், கிராஃபின் சாய்வு, நிகழ்தகவு நான்கையும் பார்த்துவிடு. சாய்வும் நிகழ்தகவும் என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன, அது இணையத்தில் இலவசம். டியூஷன் தேவையில்லை. தினமும் கையால் போட வேண்டும், அவ்வளவுதான்.

அல்சூர் ராஜன்:
மேடம் சொல்வது சரி. லாக்கை மறந்தே போனேன்.

மர்ஃபிடவுன் கவி:
மேடம், மஞ்சள் விதை 6022, பச்சை 2001 என்று புத்தகத்தில் இருக்கிறது. அதற்கும் போட்டுப் பார்த்தேன், 0.015 வருகிறது. இவ்வளவு சின்னதாக வருமா?

ஜுவாலஜி மேடம்:
வரும், சரியாகத்தான் போட்டிருக்கிறாய். அடுத்து விதையின் உருவம், நிறம் இரண்டையும் சேர்த்து மெண்டல் எண்ணிய 315, 108, 101, 32 எடுத்துக்கொள். விகிதம் 9:3:3:1. இங்கே வகை நான்கு என்பதால் 3.84 ஒத்துவராது, டேபிளில் மூன்றாவது வரியைப் பார். விடையை இங்கேயே போடு.