எச்ஐவி தடுப்பூசி ஆய்வு நம் ராமநாதபுரம் கரைக்கு வந்தால் யாரைக் கேட்க வேண்டும்?

பாம்பன்_வாடை:
போன வாரம் வேறொரு இழையில், எச்ஐவிக்கு ஏன் இன்னும் தடுப்பூசி வரவில்லை என்று பேச்சு ஓடியது. கடைசியில் ஒருவர், "நம்ம பக்கம் ஆய்வு வந்தா ஊர்க் கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிக்க வேண்டியதுதானே" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

சொல்லிவிட்டு ஆரம்பிப்பது வேறு, கேட்டுவிட்டு ஆரம்பிப்பது வேறு. 2004இல் கம்போடியாவில் நடந்ததைப் பாருங்கள். அது தடுப்பூசி இல்லை, டெனோஃபோவிர் மாத்திரை எச்ஐவியைத் தடுக்குமா என்ற ஆய்வு. பாலியல் தொழில் செய்யும் பெண்களைச் சேர்க்கப் போனார்கள். அந்தப் பெண்களின் சங்கம், பின்விளைவு வந்தால் யார் பார்ப்பது, 30 வருடத்துக்கு மருத்துவக் காப்பீடு கொடுங்கள் என்று கேட்டது. பேச்சு முறிந்தது, விஷயம் தெருவுக்கு வந்தது, அன்றைய பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்திவிட்டார். இந்த மாதிரி அடிகள் பட்ட பிறகுதான் 2007இல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸும் எச்ஐவி தடுப்புக்காகக் குரல் கொடுக்கும் அவாக் அமைப்பும் சேர்ந்து, ஆய்வில் மக்களை எப்படிச் சேர்ப்பது என்று நெறிமுறை எழுதின.

கேட்டுச் செய்தால் மக்கள் வருவார்கள். தாய்லாந்தில் ரயோங், சொன்புரி என்ற இரண்டு கடலோர மாகாணங்களில் ஒரு எச்ஐவி தடுப்பூசி ஆய்வில் 16,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2009இல் முடிவு வந்தது: 31 சதவீதப் பாதுகாப்பு. உரிமம் வாங்க அது போதாது. ஆனால் மனிதர்களிடம் ஓரளவாவது பலன் காட்டிய முதல் எச்ஐவி தடுப்பூசி ஆய்வு அதுதான். அத்தனை பேர் சேராமல் அந்த விடையே கிடைத்திருக்காது. நம் கரையிலும் முடியும் என்பது என் கட்சி.

கீழக்கரை_சபுராளி:
வாடை, நல்லா எழுதுறீங்க. ஆனால் தாய்லாந்து வரை ஏன் போகணும்? அப்போது பக்கத்து ஆந்திராவில் இருந்த கம்மம் இருக்கிறதே, இப்போது தெலங்கானா. 2009இல் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். ஹாஸ்டல் வார்டன்கள் பெற்றோர் இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழுவே அதைக் கண்டித்தது. கேட்டால் "இது ஆய்வே இல்லை, செயல்விளக்கத் திட்டம்" என்றார்கள். அங்கே வார்டன், இங்கே ஊர்த் தலைவர். கூட்டம் போட்டு, டீயும் சமோசாவும் கொடுத்து, போட்டோ எடுத்து, "மக்கள் பங்கேற்பு" என்று எழுதிக்கொள்வார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறோம், இல்லாவிட்டால் போகக் காத்திருக்கிறோம். எச்ஐவி தடுப்பூசி போட்டவனுக்கு ரத்தச் சோதனையில் பாசிட்டிவ் காட்டுமாமே? வளைகுடா வேலைக்கு முன் எடுக்கும் கல்ஃப் மெடிக்கல் சோதனையில் அன்ஃபிட் என்று ஒரு முத்திரை விழுந்தால் அவன் கதி என்ன? ஏஜெண்டுக்குக் கட்டிய பணம்? நிக்காஹ் பேசிய வீட்டில் என்ன சொல்வது?

நம்பிக்கை_லேப்:
நான் ஒரு நம்பிக்கை மையத்தில், அதாவது அரசு எச்ஐவி பரிசோதனை மையத்தில், பரிசோதனை செய்கிறவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

சபுராளி காக்கா கேட்டது சரியான கேள்வி. தடுப்பூசிக்குள் உயிருள்ள எச்ஐவி கிடையாது, ஊசியால் நோய் வராது. ஆனால் கிருமியின் சில துண்டுகளைப் போன்றவை இருக்கும். உடம்பு அதற்கு எதிர்ப்பான் (ஆன்டிபாடி) தயாரிக்கும். நாங்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை தேடுவதே அந்த எதிர்ப்பானைத்தான். அதனால் நோயே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டலாம், சிலருக்கு வருடக்கணக்கில். கிருமியின் மரபணுவையே தேடும் சோதனையில் உண்மை தெரிந்துவிடும். ஆய்வு நடத்துபவர்கள் அதை இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும், கையில் அட்டையும் தர வேண்டும். அதுதான் நடைமுறை.

இன்னொன்று, பெரிய ஆய்வு ராமநாதபுரத்துக்கு வரும் என்று நான் நம்பவில்லை. புதுத் தொற்று அதிகமாக இருக்கும் இடத்தில்தான் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று கணக்குப் பார்க்க முடியும். வந்தால் சென்னையில் நடந்த மாதிரி சின்னதாக வரலாம். 2006 ஜனவரியில் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் முதல் கட்ட ஆய்வு தொடங்கியது. ஆரோக்கியமானவர்கள் 32 பேர், பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும். இந்தியாவில் எச்ஐவியை 1986இல் முதன்முதலில் கண்டுபிடித்ததும் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். நம் மாநிலத்துக்கு இது புதுசு இல்லை.

கீழக்கரை_சபுராளி:
அட்டையை ரியாத்தில் எந்தக் கவுண்டரில் காட்டுவது தம்பி? அவன் மெஷின் சொல்வதைத்தான் கேட்பான்.

"ஊசியால் வராது" என்றீர்கள். 2007இல் ஸ்டெப் என்ற எச்ஐவி தடுப்பூசி ஆய்வை ஏன் பாதியில் நிறுத்தினார்கள்? ஊசி போட்ட ஆண்களில் ஒரு பிரிவினருக்குத் தொற்று கூடுதலாக வந்ததால்தானே பெரிய பேச்சானது?

நம்பிக்கை_லேப்:
ஊசியே தொற்றைக் கொடுக்கவில்லை. நிறுத்தியதற்கு முதல் காரணம், பலன் இல்லை என்று தெரிந்தது. அப்புறம் நீங்கள் சொன்னதும் தெரியவந்தது. கிருமித் துண்டைச் சுமந்துபோக ஒரு சளிக் கிருமியைப் பயன்படுத்தினார்கள். அந்தச் சளிக் கிருமி ஏற்கெனவே வந்துபோனவர்களுக்கும் சுன்னத் செய்யாதவர்களுக்கும் தொற்றும் வாய்ப்பு கூடியது போலத் தெரிந்தது. கண்காணிப்புக் குழு பார்த்துச் சொன்னதும் நிறுத்தி, யார் யாருக்கு உண்மை ஊசி, யாருக்கு வெறும் ஊசி என்று பங்கேற்றவர்களிடமே சொன்னார்கள். மறைக்கவில்லை. "ஆபத்தே கிடையாது" என்று எவனாவது மேடையில் சொன்னால் அவனை நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

ஓலைக்குடா_அக்கா:
ரெண்டு பேரும் ஆம்பளைகள் கமிட்டியையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். எங்கள் ஊர்க் கமிட்டியில் ஒரு பெண் கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கே போய் "எச்ஐவி ஆய்வுக்கு ஆள் வேண்டும்" என்று அறிவித்தால், மறுநாள் கையைத் தூக்கியவள் பெயர் ஊர் முழுக்க இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருத்தி எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்க இங்கே போகாமல் மதுரைக்குப் போகிறாள். வந்ததும் டப்பாவின் ஸ்டிக்கரைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டிவிடுவாள். உள்ளே பஞ்சு அடைத்து வைப்பாள், மாத்திரை குலுங்கும் சத்தம் மாமியார் காதில் விழக் கூடாது என்று. இவளுடைய சம்மதத்தை ஊர்த் தலைவர் எப்படிக் கொடுப்பார்?

அவள் மாதிரி ஆட்களுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் பேசித்தான் கட்டுப்பாடு வைத்தார்கள். எந்த ஆபீஸரும் வந்து சொல்லித் தரவில்லை.

பாம்பன்_வாடை:
அக்கா சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். ஆய்வு நடத்துபவர்கள் கலந்துபேச வைக்கும் மக்கள் ஆலோசனைக் குழு என்றால் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் இல்லை. எச்ஐவியோடு வாழ்பவர்கள், திருநங்கைகள், படகு டிரைவர்கள், பாசிப் பெண்கள் எல்லாரும் இருக்க வேண்டும். குழு யாருக்காகவும் கையெழுத்துப் போடாது. சம்மதப் படிவத்தில் என்ன எழுத வேண்டும், பயணப்படி எவ்வளவு, எந்தச் சந்தேகத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்கும்.

சட்டமும் சும்மா இல்லை பாய். 2017 எச்ஐவி சட்டப்படி, தெரிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் சோதனையும் கிடையாது, ஆய்வும் கிடையாது. 2019 மருந்து ஆய்வு விதிகளில் பாதிப்புக்குச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களிடம் சம்மதம் வாங்குவதைச் சில ஆய்வுகளில் வீடியோ எடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் எச்ஐவி மருந்து என்றால் குரல் பதிவு மட்டும். முகம் வெளியே தெரியக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

கீழக்கரை_சபுராளி:
சட்டம் கம்மத்தின்போதும் ஏதோ ஒன்று இருந்தது. சரி, அக்கா சொன்னது எனக்கு உறைத்தது. ஆனால் என் நிபந்தனை மாறாது. வெளிநாடு போகிறவன், அடுத்த சில வருடத்தில் போகலாம் என்று நினைப்பவன், ரெண்டு பேரையும் சேர்க்கவே கூடாது. இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடட்டும்.

ஓலைக்குடா_அக்கா:
நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் "போகலாம்" என்று நினைக்காத இளவட்டத்தை நீங்கள்தான் தேடிப் பிடித்துத் தர வேண்டும்.

விசைப்படகு_டிரைவர்:
எல்லாம் படித்தேன். திங்கள், புதன், சனி நாங்கள் கடலுக்குப் போகிற நாள். அன்றைக்குக் கூட்டம் வைத்துவிட்டு "மீனவர்கள் வரவில்லை, ஆர்வம் இல்லை" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், எல்லாரும் கரையில்தான் இருப்போம், அப்போது வையுங்கள். ஆனால் கையில் காசு இல்லாத மாதங்களும் அதுதான். அந்தச் சமயத்தில் ஆய்வுக்கு வந்தால் பணம் என்று சொன்னால், நான் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று வாடை அண்ணன் சொல்லட்டும்.